சொதியை நிப்பாட்டினா எம்.எஸ். மாறுமோ?

கேள்வி: அக்கா, என்ர தங்கச்சிக்கு 27 வயசு. போன வருசம் ஒரு கண் மங்கி, பிறகு கால் மரத்து, கொழும்பில ஸ்கேன் எடுத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) எண்டு சொல்லிட்டினம். நோர்வேயில இருக்கிற மாமா கோல் எடுத்து, கொழுப்புத்தான் காரணம், தேங்காய், பட்டர் எல்லாம் விட்டா ஊசியே தேவையில்ல எண்டுறார். அம்மா சொதி வைக்கிறதையே விட்டிட்டா. தங்கச்சி வெறும் இடியப்பத்தப் பிச்சுப்போட்டு எழும்பிப் போறாள். கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வாக்கச் சொல்லியும் சனம் சொல்லுது. என்ன செய்யிறது?
- ஒரு அக்கா, உப்புவெளி

பதில்: பிள்ளை, முதல்ல ஊசி. அத நிப்பாட்ட வேண்டாம். இது நரம்பைச் சுத்தி இருக்கிற உறைய உடம்பே தாக்குற வருத்தம், அந்தத் தாக்குதலக் குறைக்கத்தான் ஊசி. சொதிய நிப்பாட்டுறதால அந்த வேலை நடக்காது.

ஆனா மாமா சும்மா கதை விடேல்ல, அதையும் சொல்லோணும். ரோய் சுவாங்க் எண்டொரு நரம்பு டொக்டர் இருந்தவர், அவர் பாத்தது மாமா இருக்கிற அதே நோர்வேயிலதான், பாலும் பட்டரும் சீஸும் கூடச் சாப்பிட்ட, கடலுக்குத் தூரமா உள்ளுக்கு இருந்த விவசாயிகளுக்கு இந்த வருத்தம் கூடவாம், கடற்கரையில மீன் சாப்பிட்ட ஆக்களுக்குக் குறைவாம், 1952ல அத எழுதினார். பிறகு தன்ர நோயாளர் 144 பேருக்கு கொழுப்புக் குறைச்ச சாப்பாடு சொல்லிக் குடுத்து 34 வருசம் பின்தொடர்ந்தார். நிறைகொழுப்ப (பட்டரிலயும் தேங்காய் எண்ணெயிலயும் கூட இருக்கிற கொழுப்பு வகை) ஒரு நாளைக்கு 20 கிராமுக்குள்ள வச்சவைக்கு நிலைமை நல்லா இருந்தது எண்டு 1990ல வந்தது. 34 வருசம் ஒரு வேலையில நிண்ட மனுசன், அத நான் மதிக்கிறன். ஆனா ஒப்பிட்டுப் பாக்க வேற ஒரு கூட்டத்த அவர் பிரிச்சு வைக்கேல்ல. வருத்தம் கூடினவை டயட்ட விட்டிருக்கலாம், சுகமா இருந்தவை பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கலாம், எது எதால எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? 2016ல வந்த இன்னொரு ஆய்வில கொழுப்புக் குறைச்ச மரக்கறிச் சாப்பாட்ட ஒரு வருசம் ஒப்பிட்டுப் பாத்தினம், களைப்பு குறைஞ்சுது, கொலஸ்ட்ரோல் இறங்கினது, மூளை ஸ்கேன்ல வித்தியாசம் இல்ல.

இனிக் குசினிக்கு வருவம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில கிட்டத்தட்ட 12 கிராம் நிறைகொழுப்பு, ரெண்டு கரண்டியோட சுவாங்க்கின்ர கணக்கு தாண்டிடும். கொழுப்பு மட்டும்தான் காரணமெண்டா விடியக்காலையிலயே தேங்காய் துருவுற திருமலைச் சனத்துக்கு வீட்டுக்கு வீடு இது இருக்கோணும், ஆனா நம்ம பக்கம் இது அரிது, வெயில் குறைஞ்ச நோர்வேயிலதான் கூட. அதுக்காகத் தேங்காய் நிரபராதி எண்டும் நான் சொல்ல வரேல்ல. விற்றமின் டி, பரம்பரை, எப்ஸ்டீன் பார் வைரஸ் எண்டு கன விசயம் இதில கலந்து கிடக்கு, அந்தக் கடற்கரை ஆக்களுக்கு உதவினது பட்டர் குறைஞ்சதோ மீன் கூடினதோ ஆருக்குத் தெரியும்?

அதால அம்மாட்டச் சொல்லு, சொதி வையுங்கோ எண்டு. முதற்பால் வேண்டாம், ரெண்டாம் பால், கப்பிப்பால்ல வச்சு தேசிக்காய்ப் புளி விட்டா வடிவா இருக்கும். சூடை மீனப் பொரிக்காமக் குழம்பு வையுங்கோ. உண்மையா வெட்ட வேண்டியது பேக்கரி ரோல்ஸ், மாஜரின், பின்னேரத்து எண்ணெய்ப் பலகாரம், அது இதயத்துக்கும் நல்லது, ஆரும் சண்டை பிடிக்க மாட்டினம். அவள் மெலிஞ்சு போனா அதுதான் எனக்குப் பயம், மாசத்துக்கு ஒருக்கா நிறை பாருங்கோ. விற்றமின் டி எவ்வளவு இருக்கெண்டு டொக்டரிட்டக் கேட்டு ரத்தம் பாருங்கோ, கண்டபடி குளிசை வாங்கிக் குடுக்காதேங்கோ.

கன்னியாவுக்குத் தாராளமாப் போங்கோ. ஆனா எம்.எஸ். உள்ள ஆக்களுக்கு உடம்பு சூடானா கண் மங்கும், கால் தளரும், குளிர்ந்தா திரும்பும். அவளக் கரையில நிழல்ல இருத்திப்போட்டு, அந்த ஏழு கிணத்துத் தண்ணியையும் நீங்க வாத்துக்கொண்டு வாங்கோ.