தனியே ஊர் திரும்பும் வழியில் காட்டையும் விலங்குகளையும் படம் எடுப்பது

நெடுந்தூரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர், வழியில் தென்படும் இயற்கைக் காட்சிகளையும் விலங்குகளையும் எப்படிப் படம் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொச்சியில் வேலை பார்க்கிறேன், வீடு உடுமலைப்பேட்டையில். ஒரு பகல் முழுவதும் கையில் இருந்தால் பாலக்காட்டு நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, சாலக்குடியில் திரும்பி, அதிரப்பள்ளி, வாழச்சால், மளுக்கப்பாறை, வால்பாறை வழியாகத்தான் ஊருக்குப் போவேன். அந்தப் பாதையை வைத்தே பதில் சொல்கிறேன்.

தனியே ஓட்டுகிறவருக்குக் கண்கள் சாலைக்கே சொந்தம். பக்கத்தில் ஆள் இருந்தால் “அதோ மரத்தில் பார்” என்று காட்டுவார். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஓடும் வண்டியிலிருந்து விலங்கைத் தேடுவதை முற்றிலும் கைவிட்டு, எங்கே நிற்கப் போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு நாளில் மூன்று, நான்கு இடங்கள் போதும். அங்கே அரைமணி, ஒரு மணி நேரம் பொறுமையாக இருப்பவருக்குக் கிடைக்கும் படம், இருபது இடங்களில் அவசரமாக நிறுத்தி எடுப்பவருக்குக் கிடைப்பதில்லை.

கேமராவைப் பக்கத்து இருக்கையில், மடித்த துண்டின் மேல், தூர லென்ஸைப் பொருத்தியே வைத்திருப்பேன். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. அரிசி நிரப்பிய சிறு துணிப்பை ஒன்றும் உடன் வரும். நிறுத்திய பின் கண்ணாடியை இறக்கி, கதவின் விளிம்பில் அந்தப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் முக்காலி தேவைப்படாது. இன்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் அதிர்வு படத்தில் தெரியும். நின்றுகொண்டிருக்கும் காரைப் பல விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. அதிலிருந்து ஒரு மனிதர் இறங்கினால்தான் விலகி ஓடுகின்றன. இன்னொன்று, ஏ.சி.யில் குளிர்ந்த லென்ஸை மழைக்காட்டின் ஈரக்காற்றில் நீட்டினால் உடனே பனி படர்ந்துவிடும். நிற்கப் போகும் இடத்துக்குக் கால்மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள்.

அதிரப்பள்ளி அருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாலக்குடியிலிருந்து ஏறும்போது சாலையோரத்திலிருந்தே முழு அருவியும் தெரியும் இடம் ஒன்று உண்டு, கூட்டம் சேருவதற்கு முன் காலையில் போய்விட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் அதற்கு மேலே சாலையை ஒட்டியே விழும் சார்ப்பா அருவிதான் எனக்குப் பிடித்தது.

வாழச்சால் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் பதிந்துகொண்ட பிறகே உள்ளே விடுவார்கள். அங்கிருந்து மளுக்கப்பாறை வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் அடர்காடு. யானைகள் நடமாடும் இந்தப் பகுதியில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் கூடாது. இங்கே நான் கேமராவைத் தொடுவதே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால் காது நிறையக் காடு கிடைக்கும். பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறந்து போகும்போது, பறவை தெரிவதற்கு முன்பே அதன் இறக்கை வீச்சின் ஓசை கேட்டுவிடும். அதைப் படம் எடுக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் வளைவில் வண்டியை நிறுத்துகிறவர்கள், எதிரே வரும் பேருந்துக்கும் பின்னால் வரும் யானைக்கும் சேர்த்தே இடைஞ்சல் செய்கிறார்கள்.

மளுக்கப்பாறையைத் தாண்டினால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். வால்பாறை ஊரை ஒட்டியுள்ள புதுத்தோட்டம்தான் என்னுடைய முக்கிய நிறுத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், இங்கே சாலையோர மரங்களிலேயே காணக் கிடைக்கின்றன. மர உச்சியை விட்டு இறங்க விரும்பாத இந்த விலங்கு, இங்கே தேயிலைக்கு நடுவே தீவாக எஞ்சிய சோலைத் துண்டில் வாழ்வதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க நேர்கிறது. அவை வண்டிகளில் அடிபடாமல் கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அந்தப் பாலத்தின் ஒரு முனையைக் குறிவைத்துக் காத்திருங்கள். முதலில் ஒரு மந்தி வந்து எட்டிப் பார்க்கும்; அது கடந்துவிட்டால் மற்றவை, வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்ட தாய்கள் உட்பட, ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

உடல் கன்னங்கரேல் என்றும் முகத்தைச் சுற்றிய பிடரி வெள்ளி நிறத்திலும் இருப்பதால், கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளுக்கச் செய்துவிடும். பிடரியின் மயிரிழைகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் படியோ ஒரு படியோ குறைத்துக்கொள்ளுங்கள். நிழலில் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 3200 வரை கூட்டத் தயங்க வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கிட்டே வரவழைக்க பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. சாலையில் உணவு கிடைக்கும் என்று பழகிய மந்திதான் டயரில் சிக்கிச் சாகிறது.

வால்பாறையில் யானை நடமாட்டத்தை எச்சரிக்க உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். எந்தப் படத்துக்காகவும் அங்கே இறங்காதீர்கள்.

அங்கிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். மாலை 3 மணிக்குள் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும். கீழிருந்து எண்ணினால் 9-ஆவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனைக்கு அக்கம்பக்கத்தில் வரையாடுகள் சாலையோரப் பாறையிலும் தடுப்புச் சுவரின் மேலும் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் விலங்கு இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 வரையாடுகள்தான் இருந்தன. இவ்வளவு அரிய விலங்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்கத் தோன்றும். அகன்ற லென்ஸுக்கு மாறி, ஆட்டுக்குப் பின்னால் ஆழியாறு நீர்த்தேக்கமும் பொள்ளாச்சிச் சமவெளியும் விரிய எடுத்துப் பாருங்கள். எத்தகைய செங்குத்தில் அது வாழ்கிறது என்பது அந்தப் படத்தில்தான் தெரியும். முதுகில் வெளிறிய திட்டுள்ள கிடா அமைந்தால் இன்னும் சிறப்பு. வளைவிலேயே நிறுத்தாமல், வண்டிகளுக்கென அகலப்படுத்திய இடத்தில் நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நடந்து வாருங்கள்.

படங்களை இணையத்தில் போடும்போது இருவாச்சிக் கூடு இருக்கும் மரத்தை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம். இருப்பிடக் குறிப்பையும் படக்கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு கிடக்க, ஆண் பறவைதான் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும். மரத்தடியில் கூட்டம் கூடினால் அது இரையோடு திரும்பிப் போய்விடும். உள்ளே தாயும் குஞ்சும் பசியோடு இருக்கும்.