சோறு போடுறது நான், வாலாட்டுறது அவருக்கா?

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல நாய் பத்தின கேள்வி, அதுவும் பாம்பன்ல ஆரம்பிச்சு தொண்டி வரைக்கும் நம்ம கடக்கரை ஊருங்கள்ல இருந்தே வந்திருக்கு. மத்த கேள்வியை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே, எங்க நாய்க்கு ரெண்டு வேளையும் சோறு வைக்கிறது நான், குளிப்பாட்டுறது நான், உண்ணி எடுக்குறது, மருந்து குடுக்குறது எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு, காலையில போனா மறுநாள் காலையிலதான் கரைக்கு வருவாரு. அவரு வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அது மேல விழுந்து கொஞ்சுது, அப்புறம் அவரு தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு. மீன்பிடித் தடைக்காலத்துல 61 நாளும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்காது. போன வருஷம் மே மாசம் குட்டியா எடுத்துட்டு வந்தோம். நான் என்ன குறை வச்சேன்? — வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ஒரு குறையும் வைக்கல தங்கச்சி. உங்க கடிதத்துல என் கண்ணுல பட்டது அந்த மே மாசம்தான். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கெடக்கும், உங்க வீட்டுக்காரர் பகலும் ராத்திரியும் வீட்டுல இருந்திருப்பாரு, சரியா அந்த நேரத்துல குட்டி உள்ள வந்திருக்கு. குட்டி பொறந்து 3-வது வாரத்துல இருந்து 12, 14 வாரம் வரைக்கும் உள்ள காலத்துல பக்கத்துல யாரு வாசம் இருந்துச்சோ, யாரு கை பட்டுச்சோ, யாரு குரல் கேட்டுச்சோ அதெல்லாம் ஆழமாப் பதிஞ்சுரும். 1961-ல அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க, சில குட்டிங்களை 14 வாரம் வரைக்கும் மனுஷங்களைத் தொடவிடாம வளத்தாங்க, அதுங்க அப்புறம் மனுஷங்க கிட்ட ஒட்டவே முடியாம மெரண்டு ஓடுற நாயாப் போச்சு. அவ்வளவு கெட்டியான காலம் அது. அந்த நாள்ல பெரும்பாலும் நீங்க அடுப்படியிலயும் தண்ணிக் குழாய்லயும் நின்னிருப்பீங்க, அவரு சும்மா உக்காந்து வலை பின்னிக்கிட்டே குட்டியை மடியில போட்டு வச்சிருப்பாரு, இது என் ஊகம்தான், ஆனா நம்ம பக்கத்து வீடுங்கள்ல நடக்குறது இதுதானே.

ரெண்டாவது விஷயம். நீங்க பண்ற வேலைப் பட்டியலை நாய் பக்கத்துல நின்னு பாருங்க. குளிப்பாட்டுறது அதுக்குப் பிடிக்காது, உண்ணி எடுத்தா வலிக்கும், மருந்து கசக்கும். அதுக்குப் பிடிக்காத எல்லாத்தையும் நீங்க பண்றீங்க, அவரு வந்து தடவிக் குடுக்குறதோட சரி. சோறு மட்டும் உங்க பக்கம் இருக்கே, அது பத்தாதான்னு கேப்பீங்க, பத்தாது. கொல்கத்தாவுல ஐசர்ங்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்ங்களை வச்சு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க, 2017-ல அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வுல அறிமுகமில்லாத ஆளு சில நாய்க்குக் கூடுதலாச் சாப்பாடு குடுத்தாங்க, சில நாய்க்குத் தலையைத் தடவிக் குடுத்தாங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா தடவிக் குடுத்த ஆளைத்தான் நாய்ங்க கூட நம்புச்சு. பசியில அலையுற தெருநாய்ங்களே இப்படின்னா, வீட்டுல வயிறு நெறஞ்சு இருக்குற நாய்க்குச் சோத்துத் தட்டு எவ்வளவு பெரிசா இருக்கும் சொல்லுங்க? தட்டை வச்சுட்டு அடுத்த வேலைக்கு ஓடுறவங்க கிட்ட அதுக்குச் சோறு கெடைக்குது, ஆளு கெடைக்கல.

அவரு வந்ததும் அந்த ஆட்டம் ஆடுறதுக்கும் காரணம் இருக்கு, பிரிஞ்சு இருந்தவரு திரும்பி வர்றாரு. ஜப்பான்ல 2022-ல அளந்து பாத்திருக்காங்க, வளக்குறவரு சில மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்தா நாய் கண்ணுல தண்ணி கூடுது, தெரிஞ்ச வேற ஆளு வந்தா அப்படிக் கூடல. நீங்க எப்பவும் கூடவே இருக்கீங்க, உங்களுக்கு அது எப்படிங்க ஓடி வந்து குதிக்கும்?

உண்மையில அது யாரைத் தேடுதுன்னு பாக்கணும்னா வாசல்ல பாக்காதீங்க, பயத்துல பாருங்க. ஐப்பசியில இடி மழை வரும்போது, தெருவுல வெடி போடும்போது, ஆஸ்பத்திரியில ஊசி போடுறப்போ அது யாரு காலுக்கு நடுவுல போய் ஒளியுதுன்னு பாருங்க. 2017-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, தெரிஞ்ச இடத்துல விட்டா நாய்ங்க புது ஆளு கிட்டயே அதிக நேரம் போய் நின்னுச்சு, தெரியாத இடத்துக்குக் கொண்டு போனா வளக்குறவர் கிட்டதான் அதிக நேரம் நின்னுச்சு. வீட்டுக்குள்ள திரும்பிப் பாக்கலங்கிறது அதுக்கு அங்க பயமே இல்லங்கிறதுக்கான அடையாளமாவும் இருக்கலாம், அந்தப் பயமில்லாத வீட்டை அதுக்குக் குடுத்தது நீங்க.

மாத்தணும்னா வழி இருக்கு. அடுத்த தடைக்காலத்துல குளிப்பாட்டுறதையும் உண்ணி எடுக்குறதையும் அவரு கையில குடுத்துருங்க, அதுக்குத் தயங்காதீங்க. நீங்க சாயங்காலம் பத்து நிமிஷம் போனைத் தள்ளி வச்சுட்டு தரையில உக்காந்து நெஞ்சுலயும் காதுக்குப் பின்னாலயும் சொறிஞ்சு குடுங்க, கடக்கரைக்கு நடந்து போகையில கூட்டிட்டுப் போங்க. போறப்ப மட்டும் கரையில தூக்கிப் போட்ட பேத்தை மீனை அது வாயில வச்சிராமப் பாத்துக்குங்க, அந்த விஷம் நாயைக் கொன்னுரும்.

கேள்வி: ராஜபாளையம் நாய் ஒரே ஆளுக்குத்தான் கட்டுப்படும்னு சொல்றாங்களே, நெசமா? — வாசகர், ஏர்வாடி

பதில்: முழுசா நெசம் இல்ல. காவலுக்கும் பன்னி வேட்டைக்கும் வளத்த இனம், அதனால வெளியாளைச் சட்டுன்னு சேக்காது, அது வரைக்கும் சரி. ஆனா அமெரிக்காவுல 18,000-க்கு மேல நாய்ங்களை வச்சுப் பண்ணி 2022-ல வெளியான பெரிய ஆய்வுல, ஒரு நாயோட குணத்துல இனத்துக்கு உள்ள பங்கு 9 சதவீதம் போலத்தான்னு வந்துச்சு. ஒரே ஆளு சோறு வச்சு, ஒரே ஆளு கட்டி அவுத்து, மத்தவங்க யாரும் கிட்டயே போகாம இருந்தா நாட்டு நாயும் ஒரே ஆளோட நாயாத்தான் ஆகும். குட்டியிலயே வீட்டுல எல்லாரும் தூக்கி வளங்க, அவ்வளவுதான்.

கேள்வி: எங்க தெருவுல ஒரு செவலை நாய், எங்க பாப்பா வந்தா மட்டும் வாலை ஆட்டிக்கிட்டு வந்து படுத்துக்குது, நான் பிஸ்கட் போட்டாலும் எடுத்துட்டு தூர ஓடுது. பாப்பாவை விடவா நான் கெட்டவன்? அவளை அது கிட்ட விடலாமா? — வாசகர், கீழக்கரை

பதில்: நாய்க்கு நீங்க கெட்டவரு இல்ல, பெரியவரு, உயரமானவரு, அதுவும் குனிஞ்சு கையை நீட்டி நேரா கண்ணைப் பாத்துக்கிட்டே வர்றவரு. பழகாத நாய்க்கு அப்படிப் பாக்குறது மெரட்டல். பழகிப் போன நாய்க்கு அதே பார்வை தலைகீழா வேலை செய்யுது, ஜப்பான்ல 2015-ல பாத்தாங்க, நாயும் வளக்குறவரும் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்குமே ஆக்ஸிடோசின்கிற ஹார்மோன் கூடுது, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல வேலை செய்ற அதே ஹார்மோன். அந்த இடத்துக்கு வர நாளாகும், மொத நாளே கண்ணைப் பாத்தா ஓடத்தான் செய்யும். தெருநாய் எந்த ஆம்பள கிட்ட கல்லடி வாங்குச்சோ, எந்தக் கம்பைப் பாத்துச்சோ நமக்குத் தெரியாது, உங்க நடையிலயோ குரல்லயோ அந்த ஆளோட சாயல் இருந்தாக்கூட அது விலகும், பாப்பா கிட்ட அந்தச் சாயல் எதுவும் இல்ல. நீங்க பக்கவாட்டுல திரும்பி உக்காருங்க, கையை நீட்டாதீங்க, அதுவா வந்து மோந்து பாக்கட்டும், மோந்துட்டுப் போயிட்டா விட்டுருங்க, நாளைக்கு வரும்.

பாப்பா விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. நாய் எவ்வளவு பாசமா இருந்தாலும் திங்கும்போதும் தூங்கும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளைங்க கிட்ட போகக் கூடாது, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். அந்தச் செவலைக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட ஏற்பாடு பண்ணுங்க, தெருவே சேந்து பண்ணலாம். கீறலோ கடியோ பட்டா சின்னதுன்னு நெனைக்காம ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்காதீங்க.

கேள்வி: நாய் ஒருத்தரைப் பாத்துக் குரைச்சா அவரு மனசு சரியில்லன்னு எங்க அப்பத்தா சொல்லுது, அறிவியல்ல இதுக்கு எதும் இருக்கா? — கல்லூரி மாணவர், தேவிபட்டினம்

பதில்: அப்பத்தா சொல்றதுல பாதி இருக்கு தம்பி. ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல 2015-ல ஒரு சோதனை, நாயோட எஜமான் ஒரு டப்பாவைத் தெறக்க முடியாம பக்கத்துல இருக்குறவர் கிட்ட உதவி கேப்பாரு, அவரு மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அப்புறம் அந்த ஆளு தீனி நீட்டினா நாய்ங்க அவரைத் தவிர்த்துச்சு, தனக்கு ஒரு கெடுதலும் பண்ணாத ஆளா இருந்தாலும். தன்னோட ஆளை ஒருத்தர் எப்படி நடத்துறாருன்னு நாய் கவனிக்குது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. மனுஷன் பதட்டமா இருந்தா வேர்வை வாசமும் மூச்சு வாசமும் மாறுது, அதையும் மோந்து கண்டுபிடிக்குதுன்னு 2022-ல பெல்ஃபாஸ்ட்ல காமிச்சாங்க. ஆனா பதட்டமா இருக்குறவன் கெட்டவனா? நவபாஷாணக் கோயிலுக்கு வர்ற வெளியூர் ஆளுங்க ஈர வேட்டியோட, மூட்டையோட நடந்து போனாலே உங்க ஊரு நாய் குரைக்கும், அவங்க எல்லாரும் கெட்டவங்களா? நாய் குரைச்சதை வச்சு ஒரு மனுஷனை எடை போடாதீங்க, அப்பத்தா கிட்டயும் பதமாச் சொல்லுங்க.

கேள்வி: எங்க பெரியப்பா மகன் துபாய் போயிட்டாரு, அவரு வளத்த நாலு வயசு நாயை எங்க கிட்ட விட்டுட்டுப் போனாரு. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, கேட்டுக்குப் பக்கத்துலயே படுத்துக்கிட்டு எந்த பைக் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சுப் பாக்குது. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. எங்களை ஏத்துக்குமா? தினம் வீடியோ காலில் அண்ணனைக் காட்டலாமா? — வாசகி, மண்டபம்

பதில்: ஏத்துக்கும்மா, நிச்சயமா ஏத்துக்கும். ஹங்கேரியில புடாபெஸ்ட்ல 2001-ல காப்பகத்து நாய்ங்களை வச்சுப் பாத்தாங்க, பெரிய நாய்ங்கதான், குட்டி இல்ல, ஒரே ஆளு 10 நிமிஷம் வீதம் 3 தடவை கூட இருந்து பழகினதுக்கே அந்த ஆளைத் தன்னோட ஆளா நெனைக்க ஆரம்பிச்சுருச்சு. நாய்க்கு அந்த எடம் காலியா இருக்கப் பிடிக்காது. ஆனா உங்க நாய் இன்னும் காலியாகல, அண்ணனுக்காகப் பிடிச்சு வச்சிருக்கு, அதை அவசரப்படுத்தாதீங்க. டோக்கியோ ஷிபுயா ஸ்டேஷன்ல ஹச்சிகோன்னு ஒரு நாய், எஜமான் 1925-ல இறந்த பிறகும் 1935-ல தான் சாகுற வரைக்கும் அவருக்காக வந்து காத்திருந்துச்சு. எல்லா நாயும் அப்படி இருக்காது, இருந்தாலும் கேட்டுக்குப் பக்கத்துல படுக்குறதைத் தப்புன்னு விரட்டாதீங்க.

வீடியோ கால் இப்போதைக்கு வேண்டாம்னு நான் சொல்வேன். குரல் வருது, வாசம் வரல, ஆளைத் தேடி வீட்டையே சுத்தி வரும், அந்த ஏக்கம்தான் மிச்சம். அதுக்குப் பதிலா அண்ணன் போட்டுத் தோய்க்காத சட்டை ஒண்ணு இருந்தா அதோட படுக்கையில போடுங்க. அமெரிக்காவுல அட்லாண்டாவுல கிரிகோரி பெர்ன்ஸ்ங்கிற மூளை ஆராய்ச்சியாளரோட குழு 12 நாய்ங்களை மயக்க மருந்து இல்லாம எம்.ஆர்.ஐ. மெஷின்ல அசையாமப் படுக்கப் பழக்கி, ஒவ்வொரு வாசமாக் காட்டிப் பாத்தாங்க, அது தன்னோட வாசம், பழகின நாய், பழகாத நாய், தெரியாத மனுஷன், பழகின மனுஷன்னு. மூளையில நல்லது வரப்போகுதுங்கிற எதிர்பார்ப்புக்கு உள்ள காடேட்ங்கிற பகுதி, பழகின மனுஷ வாசத்துக்குத்தான் எல்லாத்தையும் விட அதிகமா வேலை செஞ்சுச்சு, அந்த மனுஷன் அங்க இல்லாதப்பவே.

அந்தச் சட்டை பக்கத்துல நீங்களும் உக்காருங்க, உங்க வாசமும் அதோட சேரும். வீட்டுல ஒருத்தர் மட்டும் முதல்ல பொறுப்பு எடுத்துக்குங்க, ஆளாளுக்குக் கொஞ்சப் போய்க் கொழப்பாதீங்க, அண்ணன் எந்த நேரத்துக்குச் சோறு வச்சாரு, எந்தப் பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போனாருன்னு கேட்டு அதே நேரத்துல அதே மாதிரி பண்ணுங்க. கருவாடு போட்டுச் சாப்பிட வைக்கலாம்னு நெனைக்காதீங்க, உப்பு அதுக்கு ஆகாது, வேகவச்ச சூடை மீனை முள்ளு எடுத்துட்டுச் சோத்துல பெசஞ்சு வைங்க. தண்ணியும் குடிக்கலன்னா உடனே, தண்ணி குடிச்சும் சாப்பாடு இறங்கலன்னா நாளைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க, ஏக்கம்னு நெனச்சு காய்ச்சலை விட்டுறக் கூடாது.