செல் மாற்றியாச்சு, சாவிக்கு இன்னும் உயிர் வரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கார் சாவியைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, சாவிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வேலூர் வெயிலுக்கும் இந்தப் புகார்களுக்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது, அதையும் இடையில் சொல்கிறேன்.

முதல் கடிதம்: என் கார் எட்டு வருடப் பழசு. பட்டனைத் தட்டினால் சாவி விரியுமே, அந்த மாதிரி ரிமோட். இரண்டு மாதமாகக் கதவுக்குப் பக்கத்தில் போய் அமுக்கினால்தான் திறந்தது, போன வாரம் சுத்தமாக நின்றுவிட்டது. லாங் பஜாரில் புது செல் வாங்கி நானே மாற்றினேன், அப்பவும் அசையவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினால் இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது. கடையில் கேட்டால், செல்லைக் கழற்றியதில் ப்ரோக்ராம் அழிந்துவிட்டது, சாவியையே மாற்றணும், பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள். உண்மையா ஐயா?
வாசகர், சத்துவாச்சாரி

செல்லைக் கழற்றினால் ப்ரோக்ராம் அழியாது. இந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் நல்ல சாவியை மூலையில் போட்டுவிட்டுப் புதுச் சாவிக்குப் பணம் கட்டுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ரிமோட்டுக்குள் இருக்கும் எண்கள், கரன்ட் இல்லாவிட்டாலும் மறக்காத வகை மெமரியில் பதிந்திருக்கின்றன. செல் இல்லாமல் பல மாதம் டிராயரில் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு சாவிக்குள் மூன்று சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, பூட்டைத் திருப்பும் இரும்பு. இரண்டாவது, இன்ஜினுக்கு அனுமதி கொடுக்கும் சின்ன சிப். இதற்கு செல்லே கிடையாது, இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்து அந்த நேரத்துக்கு மட்டும் கரன்ட் வாங்கிக்கொண்டு தன் நம்பரைச் சொல்லிவிடும். மூன்றாவதுதான் கதவைத் திறக்கும் ரிமோட், செல்லைத் தின்பது இது மட்டும்தான். உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் சிப் நன்றாக இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் பேசவில்லை, அதற்காக முழுச் சாவியையும் மாற்றச் சொல்வது சரியில்லை.

முதலில் வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அமுக்கிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் சாவியில் இல்லை, வண்டியில். ஃப்யூஸ் போயிருக்கலாம். இரண்டாவது சாவி திறக்கிறது என்றால் முதல் சாவியைத் திரும்பப் பிரியுங்கள்.

பிரித்ததும் செல்லின் முதுகில் உள்ள நம்பரைப் படியுங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025 என்றால் அகலம் அதேதான், கனம் மட்டும் 2.5. கடையில் 2032 தீர்ந்துபோய், ‘இதுவும் அதேதான் சார்’ என்று 2025-ஐக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் 3 வோல்ட்தான், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் செல் ஆடும், ஆடினால் தொடுப்பு விடும். சிகரெட் அட்டைத் தகட்டை மடித்துச் சொருகி சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அது நகர்ந்து ஷார்ட் ஆனால் போர்டே போய்விடும். பிளஸ் பக்கம் மேலேயா கீழேயா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புது செல் என்று வாங்கியது உண்மையிலேயே புதிதா என்பது இன்னொரு சங்கதி. நல்ல செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். ஆனால் சோர்ந்துபோன செல்லும் சும்மா வைத்து அளந்தால் 3-ஐ ஒட்டிக் காட்டி ஏமாற்றும், பட்டனை அமுக்கிய நிமிஷம் படுத்துவிடும். அதனால் முடிந்தால் பட்டனை அமுக்கிக்கொண்டே அளந்து பாருங்கள். இந்தக் காயின் செல்கள் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் தாங்கும் என்று கணக்கு. கத்திரி வெயிலில் கோட்டை மைதானத்துப் பக்கம் நிறுத்திய காரின் டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அதையெல்லாம் தாண்டிவிடும். இரண்டாவது சாவியை வண்டிக்குள்ளேயே போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், திருட்டுப் பயம் ஒரு பக்கம், செல்லும் வாடிப்போகும்.

இன்னொன்று, குழந்தைகள் விழுங்கக்கூடாது என்று சில கம்பெனி செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சு தொடுப்பை மறைத்துவிடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் செல்லின் இரண்டு முகத்தையும் துடைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

என் வண்டியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காட்பாடி ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலிலிருந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பட்டனை அமுக்குகிறேன், வண்டி ஊமையாக நிற்கிறது. இரும்புச் சாவியால் திறந்து வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு ஒரு செல், மறுநாள் இன்னொரு செல், இரண்டும் பலிக்கவில்லை. அப்புறம் ட்யூப்லைட்டுக்குக் கீழே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், செல்லின் அடிவயிற்றைத் தாங்கும் பித்தளை நாக்கில் கடுகளவுக்குப் பச்சை. மழையிலோ வியர்வையிலோ நனைந்து களிம்பு ஏறியிருக்கிறது. பள்ளிக்கூட ரப்பரால் பத்துத் தடவை தேய்த்தேன், நாக்கை ஊசி முனையால் ஒரு மயிரிழை தூக்கிவிட்டேன். வாசலில் வண்டி ‘டக்’கென்று திறந்தது. அன்றிலிருந்து யார் சாவி கொண்டுவந்தாலும் செல்லுக்கு முன்னால் அந்த நாக்கைத்தான் பார்க்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால், அப்போதுதான் ஒத்திசைவு தவறியிருக்கிறதா என்று பார்க்கணும். கடைக்காரர் ப்ரோக்ராம் என்று சொன்னது இதுவாகத்தான் இருக்கும். ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே குறியீட்டை அனுப்புவதில்லை. அமுக்க அமுக்க உள்ளே ஒரு எண்ணிக்கை ஏறும், அதற்கேற்பக் குறியீடு மாறும், வண்டியும் தன் பக்கம் அதே கணக்கை வைத்திருக்கும். நீங்கள் அனுப்பியதைக் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டு இன்னொருவன் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடி, வண்டி காதில் விழாத தூரத்தில் ஐம்பது தடவை அமுக்கிவிட்டால், ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கிவிடும். உலகம் முழுக்கப் பல ரிமோட்டுகளில் இருக்கும் கீலாக் என்ற முறையில் வழக்கமான கணக்கு இப்படி: அடுத்த 16 எண்ணுக்குள் வந்தால் வண்டி உடனே ஏற்கும். அதைத் தாண்டி ஏறத்தாழ 32,000 வரை போயிருந்தால், அடுத்தடுத்த இரண்டு குறியீடு சரியாக வந்தபின் ஏற்கும். ஆகவே கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒரே பட்டனை ஒரு விநாடி இடைவெளி விட்டு நாலைந்து தடவை அமுக்குங்கள். பல வண்டிகளில் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

வரவில்லையா, சாவியை இக்னிஷனில் போட்டு ஆன் வரைக்கும் திருப்பி, லாக் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடிப்பது சில வண்டிகளில் உள்ள வழி. ஆனால் இது மாடலுக்கு மாடல் வேறு, உங்கள் வண்டியின் கையேட்டில் ரிமோட் பகுதியைப் பார்த்துவிட்டே செய்யுங்கள். வீடியோவில் எவரோ காட்டினார் என்று சாவியை ஆன், ஆஃப் என்று எட்டுத் தடவை திருப்பாதீர்கள். சில வண்டிகள் புதுச் சாவி பழகும் நிலைக்குப் போனால் பழைய ரிமோட்டுகளை எல்லாம் மறந்துவிடும், இருந்த ஒரு நல்ல சாவியும் அதோடு போகும்.

டிவி ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கினால் வெளிச்சம் தெரிகிறது. கார் சாவியில் ஒன்றும் தெரியவில்லை. சாவி செத்துவிட்டதா?
வாசகி, குடியாத்தம்

இல்லை அம்மா. டிவி ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதைக் கேமரா பிடிக்கும். கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் அது தெரியவே தெரியாது. சாவியில் சிவப்புப் புள்ளி விளக்கு இருந்தால் அது மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். சாவி செய்யும் கடைகளில் அலை வருகிறதா என்று காட்டும் சின்ன மீட்டர் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. தூரம் மட்டும்தான் குறைந்திருக்கிறது என்றால், சாவியைத் தாடைக்குக் கீழே ஒட்டி வைத்து அமுக்கிப் பாருங்கள், நம் தலையே ஆன்டெனாவுக்குத் துணை நின்று இன்னும் கொஞ்சம் தூரம் எட்டும். செல் வாங்கும்வரை சமாளிக்கலாம்.

சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் வண்டி திறக்கவில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டி, சாவித் துவாரமே இல்லை. ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். என்ன செய்திருக்கணும்?
வாசகர், ராணிப்பேட்டை

துவாரம் இருக்கிறது தம்பி, மறைந்திருக்கிறது. சாவியின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி உருவிக்கொண்டு வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியில் துவாரம் இருக்கும், சில வண்டிகளில் ஒரு மூடியை நெம்பி எடுத்தால்தான் தெரியும். அப்படித் திறக்கும்போது அலாரம் கத்தலாம், பதறாதீர்கள். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, கியர் வண்டியானால் கிளட்சையும் மிதித்து, சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அமுக்குங்கள். மேலே சொன்ன செல் தேவைப்படாத சிப் இதிலும் இருக்கிறது, வண்டி அதைப் படித்துவிட்டு ஸ்டார்ட் ஆகும், அலாரமும் அடங்கும். சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் ஸ்டியரிங் அடியிலோ நடுப்பெட்டியிலோ இருக்கும். பகல் நேரத்தில் ஒருமுறை இதை வாசலிலேயே செய்து பழகிவிடுங்கள். இந்த வகைச் சாவி வண்டியின் அழைப்புக்காக எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் செல் சீக்கிரம் இறங்கும். டிவி, லேப்டாப், சார்ஜர் பக்கத்திலும், கார் நிற்கும் சுவரின் ஆணியிலும் அதைத் தொங்கவிடாதீர்கள்.

கழற்றிய பழைய செல்லை என்ன செய்வது? ஒன்றரை வயதுப் பேரன் வீட்டில் இருக்கிறான்.
வாசகி, ஆம்பூர்

நீங்கள் கேட்டதற்கு நன்றி அம்மா, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. காருக்கு உதவாத செல் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்தானதுதான். 20 மில்லிமீட்டர் செல் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் வழியாகக் கரன்ட் ஓடி, தொட்ட இடத்தில் சதையை அரிக்கும் காரப்பொருள் ஊறி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை வேகவைத்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சம் கரன்ட்டே அதற்குப் போதும். விழுங்கினானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள் அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள், பட்டன் செல் என்று வாசலிலேயே சொல்லுங்கள். வெறும் எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, சளிபோல இருமுவது, இவ்வளவுதான் அறிகுறியாகத் தெரியலாம், சில நேரம் அதுவும் தெரியாது.

கழற்றியவுடன் செல்லின் இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உயரத்தில் ஒரு டப்பாவில் போட்டு, மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். குப்பையில் வேண்டாம். செல் மாற்றும் வேலையையும் பேரன் தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கினேன், ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். இன்னொன்று தொலைந்துவிட்டதாம். பயப்படணுமா?
வாசகர், ஆற்காடு

பயம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இருக்கும் சாவியும் தொலைந்தால் செலவு பல மடங்கு ஆகும், ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவது செய்வது சுலபம். ஆர்சி புத்தகம், அடையாள அட்டை, இருக்கும் சாவி மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். புதுச் சாவியைப் பதியும்போதே, ‘வண்டியில் பதிந்திருக்கும் மற்ற சாவிகளை நீக்கிவிடுங்கள், எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று ஸ்கேனரில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். திரையில் இரண்டு என்று வரணும். தொலைந்ததாகச் சொல்லும் சாவி அதற்குப்பின் உங்கள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாது. ஆனால் அதன் இரும்பு இன்னும் கதவைத் திறக்கும், பூட்டு சிலிண்டரை மாற்றும்வரை வண்டிக்குள் காகிதங்களோ பணமோ வைத்துவிட்டு இறங்காதீர்கள்.