கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்

கேள்வி: வேறு கம்பெனியில் வேலை கிடைத்து ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. இன்னும் சம்மதம் சொல்லவில்லை. இப்போதைய வேலையிலும் பேப்பர் போடவில்லை. அப்பாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் மாலை நான்தான் கூட்டிப்போகிறேன். சனிக்கிழமை அண்ணன் பார்த்துக்கொள்வார். இப்போதைய வேலையில் இரவு 11 மணிக்கும் போன் வருகிறது. புது இடத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது. ஆனால் முன்கூட்டியே பேசினால், 'சேருவதற்கு முன்பே கண்டிஷனா?' என்று வேலை கைநழுவிப் போய்விடுமோ எனப் பயமாக இருக்கிறது. சேர்ந்து நல்ல பெயர் எடுத்தபிறகு கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம், இப்போதே கேளுங்கள். உங்கள் பதிலுக்காக அவர்கள் காத்திருப்பது இந்தச் சில நாட்கள்தான். நல்ல பெயர் எடுத்தபிறகு என்கிறீர்கள். அந்தப் பெயரே ராத்திரி போனை எடுத்து எடுத்து வாங்கியதாக இருந்தால், அப்புறம் எந்த வாயால் மறுப்பீர்கள்?

முதலில், முடியவே முடியாதது எது, பிடிக்காதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். அந்த நாளை மாற்றுவது லேசில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் செவ்வாய், வியாழனில் பேரமே கிடையாது. இரவு போன் அப்படியில்லை. வேலையே நின்றுபோகிற அவசரம் என்றால் கூப்பிடட்டும். மறுநாள் காலை பார்க்கக்கூடிய விஷயத்துக்கு வேண்டாம்.

ஹெச்ஆரிடம் கேட்டால் "இங்கே எல்லாமே ஃப்ளெக்ஸிபிள்தான்" என்பார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு மேனேஜராக வரப்போகிறவரிடம் 10 நிமிடம் பேச நேரம் கேளுங்கள். "செவ்வாய், வியாழன் மட்டும் மாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அன்று காலை முன்னதாகவே வந்து வேலையை முடித்துவிடுவேன். உங்கள் டீமுக்கு ஒத்துவருமா?" இவ்வளவு போதும். அப்பாவின் மருத்துவ வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் "குடும்பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை" என்றால் போதும். மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம்.

இரவு போனைப் பற்றி நீங்கள் நிபந்தனை போடுவதைவிட அவரைப் பேசவிடுவது நல்லது. "போன மாதம் வேலை நேரம் முடிந்தபிறகு டீமில் யாரையாவது கூப்பிட வேண்டி வந்ததா? எதற்காக?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொன்னால் நிலவரம் புரிந்துவிடும். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி" என்று மழுப்பினாலும் புரிந்துவிடும்! இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்திலேயே இருக்கிறது.

அவர் சரி என்றால் அன்றைக்கே, "நாம் பேசியபடி..." என்று தொடங்கி நான்கு வரி மெயில் அனுப்பி, உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். மேனேஜர் மாறினாலும் அது கையில் இருக்கும். ஆஃபர் லெட்டரில் 'தேவைப்படும்போது கூடுதல் நேரம்' என்பது போன்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதையும் அதே மெயிலில் கேட்டுவிடலாம்.

ஆஃபர் போய்விடுமா? போகலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாலைக்கே ஒத்துவராத இடம் என்றால், அது இப்போதே தெரிவது உங்களுக்கு நல்லது. கையில் ஒரு வேலை இருக்கிறதே. அந்த மெயிலுக்குப் பதில் வரும்வரை மட்டும் பேப்பர் போட்டுவிடாதீர்கள்.