மடிக்கணினி எப்போதும் சார்ஜரிலேயே இருக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்ப்பதால் என் மடிக்கணினி காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே இருக்கிறது. பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று விற்ற கடைக்காரர் சொன்னார். நூறு சதவீதத்திலேயே வைத்திருப்பதுதான் நல்லது என்கிறார் உடன் வேலை செய்பவர். முன்பு நான்கு மணி நேரம் தாங்கிய பேட்டரி, இரண்டரை ஆண்டுகளில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வெளிக்கடையில் பேட்டரி கிடைக்கிறது. வாங்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: இருவர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் சொன்னது நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்து அறிவுரை. உங்கள் கணினியில் இருப்பது, சோனி நிறுவனம் 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் வகையைச் சேர்ந்தது. அடிக்கடி முழுவதும் தீர்ந்துபோக விடுவது இந்த வகையின் ஆயுளைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

உடன் வேலை செய்பவர் சொன்னதில் உள்ள சிக்கல் வேறு. நூறு சதவீதம் என்று திரை காட்டும்போது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த மின்னழுத்தத்தில், நீங்கள் கணினியைத் தொடாமலே இருந்தாலும், உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் மெல்ல மெல்ல வினைபுரிந்து, மின்முனையின் மேல் ஒரு படலத்தைத் தடிக்கச் செய்து, பயன்பட வேண்டிய லித்தியத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். வெப்பம் கூடினால் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் நாற்பது சதவீத சார்ஜுடன் ஓராண்டு சும்மா வைக்கப்பட்ட பேட்டரியில் கொள்ளளவு சுமார் 96 சதவீதம் மிஞ்சும் என்றால், முழு சார்ஜுடன் வைத்ததில் சுமார் 80 சதவீதமே மிஞ்சும். அதுவே 40 டிகிரி வெப்பத்தில் முழு சார்ஜுடன் இருந்தால் 65 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். மே மாதப் பிற்பகலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மெத்தை மேல் வைத்த மடிக்கணினிக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை மதுரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகச் சார்ஜரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக நாளைக் கழிக்க வேண்டாம். சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்படி செய்யும் வசதி இப்போதைய கணினிகள் பலவற்றில் இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் ‘கன்சர்வேஷன் மோட்’ என்றும், ஆசஸில் ‘பேட்டரி ஹெல்த் சார்ஜிங்’ என்றும் அதற்குப் பெயர். டெல்லில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய ‘பயாஸ்’ என்ற அடிப்படை அமைப்புக்குள்ளேயே இருக்கும். இதை இயக்கிவிட்டு, அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடாதபடி மரப்பலகை மேல் வைத்து, நாள் முழுவதும் சார்ஜரிலேயே வேலை செய்யலாம். நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைப்பது போன்றவை அன்று பேட்டரி தாங்கும் நேரத்தை நீட்டிக்கத்தான் பெரிதும் உதவும்.

புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் பழையதை அளந்து பாருங்கள். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ சாளரத்தைத் திறந்து ‘powercfg /batteryreport’ என்று தட்டச்சு செய்து என்டரை அழுத்தினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ (புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு), ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ (இப்போதைய கொள்ளளவு) என்ற இரண்டு வரிகள் போதும். முதலாவது 41,000 என்றும் இரண்டாவது 23,000 என்றும் இருந்தால், பேட்டரியில் மிஞ்சியிருப்பது 56 சதவீதம். மாற்றுவதில் நியாயம் உண்டு. 85 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தும் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தால், குற்றவாளி பேட்டரி அன்று, பின்னணியில் ஓடும் மென்பொருள்கள். அப்போது பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீண்.

மூன்றில் ஒரு பங்கு விலை என்பதே எனக்கு உறுத்துகிறது. வெளிக்கடைப் பேட்டரி எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் மேலே ஒட்டிய லேபிளைப் படியுங்கள். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, வரும் நிறுவனப் பெயர் லேபிளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தயாரித்த தேதியையும் விடாதீர்கள்: அலமாரியில் மூன்று ஆண்டுகள் கிடந்த அசல் பேட்டரியும் பாதி வயதானதுதான். உத்தரவாதக் காலத்தை பில்லில் எழுதி வாங்குங்கள். அதற்குள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில் இல்லாமல் அங்கே பேச்சுக்கு வலுவிருக்காது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் அளப்பது, யோசிப்பது எதுவும் வேண்டாம். என் பழைய கணினியில் ஒருநாள் டச்பேட் அழுத்த வராமல் இறுகிக்கொண்டது. மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. திறந்து பார்த்தபோது பேட்டரி அப்பளம்போல் உப்பியிருந்தது. அப்படி ஏதும் தென்பட்டால் உடனே கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, அழுத்தவோ குத்தவோ செய்யாமல் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.