பழைய லெக் வைஸ்: மரையில் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: அப்பாவுக்குப் பிறகு எங்கள் கொல்லுப்பட்டறையை நான் நடத்துகிறேன். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை வேலைதான். பழைய இரும்புக் கடையில் 5 அங்குல லெக் வைஸ் (இரும்பைத் தாடைகளில் இறுக்கிப் பிடிக்கும், தரையில் ஊன்றும் நீண்ட கால் உள்ள கருவி) ஒன்று கிடக்கிறது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் திருகு முன்னும் பின்னும் ஆடுகிறது. தாடைகளை முழுக்க மூடினால் மேல்விளிம்பு மட்டும் தொடுகிறது, கீழே வெளிச்சம் தெரிகிறது. நடுவில் இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் இல்லை. வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று குறையே இல்லை. இன்னொன்றை உங்கள் உலையிலேயே அரை நாளில் சரி செய்துவிடலாம். திருகு ஆடுவதை மட்டும் உட்கார்ந்து அளந்து பார்க்க வேண்டும். அதிலும் ஆட்டம் இருப்பது பெரிய விஷயமில்லை. மரையில், அதாவது திருகிலும் அது போய்ப் பிடிக்கும் நட்டிலும் சுருளாக வெட்டிய மேடுபள்ளத்தில், இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த வெளிச்சம். மேசை வைஸின் தாடை நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகும். லெக் வைஸில் அப்படி இல்லை. முன் தாடை அடியில் உள்ள போல்ட்டைச் சுற்றிக் கதவு மாதிரி திறக்கிறது. அதனால் இரண்டு முகமும் சமமாக உட்காருவது ஏதோ ஒரு அகலத்தில் மட்டும்தான். அதைவிட மூடினால் மேல்விளிம்பு முதலில் தொடும். அதைவிட விரித்தால் தாடையின் அடிப்பக்கம் முதலில் பிடிக்கும். புது வைஸும் இப்படித்தான். கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக அடிக்கும் பட்டை இரும்பில் ஒரு துண்டு எடுத்துப் போங்கள். அதைக் கடித்துப் பார்த்து, அந்தக் கனத்தில் முகம் சமமாக உட்கார்ந்தால் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தாடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து லேசாக இறுக்குங்கள். இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று சிக்கி நின்று மற்றது சுலபமாக வந்துவிட்டால் தாடை முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் என்றால் அரத்தால் சரி செய்யலாம். கால்தான் முறுக்கியிருக்கிறது என்றால் அதைச் சிவக்கக் காய்ச்சித்தான் நிமிர்த்த வேண்டும், அது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. தாடை முகத்தில் வெட்டியிருந்த பல் அழிந்துபோயிருப்பதைப் பார்த்து நிறைய பேர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். சூடான இரும்பில் பல் பதிந்தால் அப்புறம் அந்தத் தழும்பைத் தேய்த்து எடுப்பவர் யார்?

சரி, மரைக்கு வருவோம்.

இந்த வைஸ்களில் பெரும்பாலும் சதுர மரைதான் இருக்கும். சதுர மரையில் ஒரு வசதி: மேடும் பள்ளமும் ஒரே அகலத்தில் வெட்டப்பட்டிருக்கும். அதனால் தேய்மானத்தை அறிய புதுத் திருகு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. திருகை முழுக்கக் கழற்றி டீசலால் கழுவுங்கள். ஸ்கேலை வைத்து நான்கு மரைக்கு எவ்வளவு நீளம் என்று பார்த்து நான்கால் வகுங்கள். 32 மி.மீ. வந்தால் ஒரு மரைக்கு 8. அதாவது மேடு 4, பள்ளம் 4 என்று பிறந்த திருகு அது. இப்போது மேடு 3 மி.மீ. தான் இருக்கிறது என்றால் கால்வாசி போய்விட்டது. இதற்கு வெர்னியர் மாதிரி நுட்பமான அளவுகோல் எல்லாம் வேண்டாம், கூர்மையான கண்ணும் நல்ல ஸ்கேலும் போதும்.

எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைப்பிடி இருக்கும் தலைப்பக்கத்து மரை, தாடை ஏறக்குறைய முழுக்க மூடும்போது மட்டும்தான் நட்டுக்குள் போகும். அது பெரும்பாலும் புதிது போலவே இருக்கும், கடைக்காரர் விரலால் தடவிக் காட்டுவதும் அதைத்தான். நுனிப்பக்கத்து மரையோ எப்போதும் நட்டுக்குள் இருந்து உழைக்கிறது. அங்கே அளங்கள். தலைப்பக்கத்தை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் ஒரு பக்கமாகவே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். இறுக்கும்போது திருகு முன்னோக்கி இழுபடுகிறது, அதனால் ஒவ்வொரு மேட்டிலும் தலையைப் பார்த்த சுவர்தான் தேயும். நகத்தால் இழுத்துப் பார்த்தால் ஒரு சுவர் செங்குத்தாக, மறு சுவர் சரிந்து இருப்பது தெரியும். மேடு மெலிந்து அரிவாள் வாய் மாதிரி கூர்மையாகிவிட்டதென்றால் அது திருகு இல்லை, பழைய இரும்பு.

அடுத்தது நட்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் உள்ளே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கழுவிய திருகை நாலைந்து மரை மட்டும் உள்ளே போகும்படி திருகுங்கள். அதை உள்ளே தள்ளி, குழாய் வாயை ஒட்டித் திருகில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சுற்றாமல் வெளியே இழுத்து, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளங்கள். இந்த ஆட்டம் திருகு இழந்ததும் நட்டு இழந்ததும் சேர்ந்தது. ஆட்டம் 3 மி.மீ., திருகின் நுனியில் 1 மி.மீ. தேய்மானம் என்றால், மீதி 2 மி.மீ. நட்டில் போயிருக்கிறது. 4 மி.மீ. மேட்டில் 2 போய்விட்டது, பாதிதான் மிச்சம். புதிதிலேயே இருக்கும் சிறு இடைவெளியும் இந்த ஆட்டத்தில் அடங்கும் என்பதால், உண்மையான தேய்மானம் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கணக்கு தப்பினாலும் உங்களுக்கு நல்ல பக்கமாகவே தப்பும்.

என் வழக்கம் இது: இரண்டிலும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் யோசிக்காமல் வாங்குவேன். ஆட்டம் வேலையைக் கெடுக்காது, இறுக்கியதும் அது தானாக ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். பாதிக்குக் கீழே இருந்தால் லேத்தில் புதுத் திருகும் நட்டும் வெட்ட என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுவேன். திருகை மட்டும் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தேய்ந்த நட்டுக்குள் புதுத் திருகு போட்டாலும் பிடிப்பது அந்த மெலிந்த மேடுதான்.

நட்டைத் தடவிப் பார்க்க ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். குழாயின் ஆழத்திலிருந்து வாயை நோக்கி மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் கொக்கி தட்டும். ‘டக் டக்’ என்று ஒரே சீராக வந்தால் நல்லது. வாய்க்குப் பக்கத்தில் வர வர வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் தேய்மானம். வாய்ப்பக்கத்து மரைதான் எப்போதும் சுமை வாங்குவது.

கொக்கி நாலே தட்டு தட்டிவிட்டு நின்றால் உஷார். நான் ஒருமுறை நீலப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்ற ஒரு வைஸை வாங்கினேன். திருகு நன்றாக இருந்தது. குழாய் நிறைய கிரீஸ் அப்பியிருந்தது, பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினால், சாதாரணப் பைப் துண்டு ஒன்றில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு நட்டை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது வாரம் கடப்பாரை நிமிர்த்தும்போது வெல்டிங் விட்டுப் போனது. அதிலிருந்து புதுப் பெயின்ட்டையும் புதுக் கிரீஸையும் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

ரொம்பப் பழைய வைஸ் என்றால் இன்னொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நட்டு மரையைக் குழாயிலேயே வெட்டாமல், சதுரக் கம்பியைச் சுருளாகச் சுற்றி உள்ளே நுழைத்துப் பித்தளையால் பற்றவைப்பார்கள். உள்ளே மஞ்சள் கோடு தெரிந்தால் அது அந்த வகை. நல்ல வேலைதான், ஆனால் பற்று விட்டுவிட்டால் சுருள் முழுசாக நழுவும். இறுகிப்போன திருகைக் கழற்றுகிறேன் என்று இந்தக் குழாயை உலையில் வைத்துவிடாதீர்கள், பித்தளை உருகி ஓடிவிடும். டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, கைப்பிடியை இங்கும் அங்கும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் போதும். இங்கிலாந்தின் டட்லியில் செய்த பீட்டர் ரைட் மாதிரியான பழைய கம்பெனிப் பெயர் ஏதாவது குத்தியிருந்தால் கடைக்காரர் விலையைக் கூட்டிச் சொல்வார். பெயர் மரையைக் காப்பாற்றாது.

குழாயில் ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டு, பின் தாடையின் துளையில் உள்ள வெட்டில் உட்கார்ந்திருக்கும். அது உடைந்திருந்தால் திருகோடு சேர்ந்து குழாயும் சுற்றும், வைஸ் இறுகவே இறுகாது. பார்ப்பதற்குப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும், வெல்டரிடம் பத்து நிமிஷ வேலை. திருகின் தலைக்கும் முன் தாடைக்கும் நடுவில் குழிந்த கனமான வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் தலை தாடையையே தின்றிருக்கும்.

அடி போல்ட்டுக்கு வாருங்கள். முன் தாடையின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடலாம். முன் தாடை பின் தாடையைவிடத் தாழ்ந்து படிக்கட்டு மாதிரி நின்றால் போல்ட் மெலிந்திருக்கும், துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். துளையைப் பெரிதாக்கிக் கொஞ்சம் தடித்த போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்தால் தீர்ந்தது. இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை.

காலின் நுனியைக் குனிந்து பாருங்கள். லெக் வைஸ் சம்மட்டி அடியைத் தாங்குவதே, அந்த அடி கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுவதால்தான். நுனி மெலிந்து, தரைக்கட்டையில் உட்காரும் வடிவத்தில் இருக்க வேண்டும். தட்டையாக, கேஸ் கட்டிங் தடத்தோடு இருந்தால் யாரோ மேசையில் மாட்டுவதற்காக அறுத்திருக்கிறார்கள். அதற்கும் துண்டு ஒட்டலாம். வார்ப்பிரும்பாக இருந்தால் மட்டும் வேண்டாம். விளிம்பில் வார்ப்பு அச்சின் கோடு ஓடுகிறதா பாருங்கள். கிரைண்டரை ஒரு நொடி தொட்டால் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக விழும். அடித்துச் செய்த இரும்பில் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில் பறக்கும். வார்ப்பிரும்பு நம் சம்மட்டிக்கு ஒருநாள் இரண்டாகப் பிளக்கும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, தாடையின் கழுத்திலும் திருகு போகும் துளையைச் சுற்றியும் பெயின்ட்டைச் சுரண்டி டீசல் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் டீசல் கசிந்து கோடு போடும். சாக்பீஸ் இல்லாவிட்டால் கடையில் சாமி படத்துக்குக் கீழே திருநீறு இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் வேலை செய்யும். காலின் நீளவாக்கில் நார் நாராகத் தெரியும் கோடுகளைப் பார்த்து மிரள வேண்டாம். அது பழைய தேனிரும்பின் சுபாவம். குறுக்கே ஓடும் கோடுதான் ஆபத்து.

ஸ்பிரிங்கை நீங்களே அடித்துக்கொள்வீர்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் மெல்லியதாக ஒரு துண்டு, இரண்டு காலுக்கும் நடுவில் நிற்கும் வளைவு, திருகைத் தளர்த்தினால் முன் தாடையைத் தள்ளிவிடும் அளவுக்கு விறைப்பு, அவ்வளவுதான்.

கடைக்குக் காலையிலேயே போங்கள், கழற்றிக் கழுவி அளக்க ஒரு மணி நேரமாவது ஆகும். திருகைக் கழற்ற விட மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் எடைக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.