அந்தமானில் எந்தப் படகு?

கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) தீவுக்கு அரசுப் படகா, தனியார் படகா? மகனுக்கு ஏலகிரி வளைவுகளிலேயே வாந்தி வரும்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: அரசுப் படகில் போங்கள். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். தனியார் படகு ஒன்றரை மணியில் சேர்த்துவிடும். ஆனால் பெரும்பாலும் அடைத்த ஏசி அறைக்குள்தான் உட்கார வேண்டும். உடம்பு ஆட்டத்தை உணர, கண்ணுக்கு அது தெரியாததால்தான் குமட்டுகிறது. மகனை மேல்தளத்தின் நடுவில் உட்காரவைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் வேண்டாம். காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறு கூடாது. டாக்டரைக் கேட்டு, மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்டல் தொடங்கியபின் கொடுத்தால் வாந்தியோடு போய்விடும்.

மே கடைசியில் அங்கே பருவமழை தொடங்கிவிடும், படகு ரத்தாகலாம். விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள்.